கறுப்புக் கதவில் மீன்தலை

எங்கள் அக்காவுக்கு அந்தக் கதைப் புத்தகங்கள் என்றால் உயிர். மூன்று பிள்ளைகள், ஒரு கழுதை, ஒரு கடற்கரை ஊர், அந்த ஊரில் கரிவாயன் என்று ஒரு கெட்ட படகோட்டி. புத்தகத்துக்குப் புத்தகம் கரிவாயன் எதையாவது திருடுவான், பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். கடைசிப் பக்கத்தில் அவன் வீட்டுக் கறுப்புக் கதவில் ஒரு மீன்தலையைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, கழுதைமேல் ஏறிப் பாட்டுப் பாடிக்கொண்டே போவார்கள். சின்ன வயதில் நானும் ஒன்றைப் படித்தேன். மூன்று பேரைச் சுமக்கிற கழுதையை நினைத்து எரிச்சல் வந்தது, மூடி வைத்துவிட்டேன். அக்கா அப்படியில்லை. தலை நரைத்த பிறகும் கட்டில் பக்கத்தில் அந்த வரிசையை அடுக்கி வைத்திருந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தக் கதையெல்லாம் நடக்குதே, அந்த ஊரை ஒரு தடவை பார்த்துடணும்டி. நீயும் வா."

நான் போயிருக்கக் கூடாது. ஓட்டல் சமையலறைகளைச் சோதனை போடுவது என் வேலை. ஒரு வாசலில் நின்று மூச்சை இழுத்தால் போதும், உள்ளே எண்ணெய் எத்தனை தடவை காய்ந்தது என்று தெரிந்துவிடும். இப்படிப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு சுற்றுலா போவது தண்டனை. வீட்டுக்காரர், "லீவுல போறே, அங்கேயும் போய் யார் அடுப்பையும் எட்டிப் பார்க்காதே" என்று சொல்லித்தான் பஸ் ஏற்றினார்.

ஊருக்குள் இறங்கியதுமே நாற்றம் மூக்கில் அடித்தது. அது கடலுடையது இல்லை, கடலைத் தொட்டுப் பிழைக்கிறவர்களுடையது. படகுத்துறை முழுக்கக் கடைகள். அந்த மூன்று பிள்ளைகளின் முகம் போட்ட பனியன், குடை, குவளை, கால்மிதி. முகத்தை அச்சடித்துக் காலால் மிதிக்கக் கொடுக்கிறார்கள், அதையும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஒரு கம்பத்தில் உயிருள்ள கழுதை ஒன்றைக் கட்டிப்போட்டு, காதில் சிவப்பு ரிப்பன் முடிந்து வைத்திருந்தார்கள். முழங்காலில் புண், புண்ணில் ஈ. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்ள ஒரு வரிசை நின்றது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா வரிசையில் போய் நின்றுவிட்டாள்.

கழுதைக்கு அடுத்த கடை மீன்தலைக் கடை. நிஜ மீன்தலை. கண்ணோடும் செவுளோடும் வாயில் கயிறு கோத்துத் தட்டில் அடுக்கி விற்றார்கள். எதற்கு என்று கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கதவுல மாட்டத்தான். நீங்க புத்தகம் படிச்சதில்லையா?"

அந்தக் கதவு நிஜமாகவே இருந்தது. அந்தத் தெருவிலேயே, படகுத்துறையிலிருந்து மேலே ஏறினால் கடைசி வீடு. எங்கள் அக்கா அறை பதிவு செய்திருந்ததும் அதே வீட்டு மாடியில்தான். அந்தக் கதைகளை எழுதிய அம்மா தங்கியிருந்த அறையாம். "கரிவாயன் வீட்டுலயே தூங்கப்போறோம்டி" என்று வழியெல்லாம் குதித்தாள்.

கதவைப் பார்த்ததும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். கறுப்பு மரக்கதவு. தாழ்ப்பாளில், கீலில், சாவித்துவாரத்தில்கூட மீன்தலைகள். மேலே இருந்தவை புதுசு, அடியில் இருந்தவை வெயிலில் வெந்து ஊதியிருந்தன. மரத்தில் மஞ்சளாக நீர் வழிந்து வாசல்படியில் தேங்கிக் கிடந்தது. ஈ மொய்த்த மொய்ப்பில் கதவே இரைந்தது. ஒரு ஓட்டலில் இதில் பத்தில் ஒரு பங்கைக் கண்டாலே பூட்டுப்போட்டுச் சீல் வைத்திருப்பேன்.

"பின்பக்கமா வாங்க, அந்தக் கதவைத் திறக்கறதில்ல" என்று சந்திலிருந்து ஒரு குரல் வந்தது.

அப்படித்தான் கத்தியக்காவை முதலில் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டிய வயது, முழங்கை வரை சுருட்டிவிட்ட ரவிக்கை, கையெல்லாம் பழைய கீறல். மீன் வெட்டுகிற கூடத்தில் வேலை. அங்கே எல்லோரும் கத்தியக்கா என்று கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். சந்து பொதுக் கழிப்பறையை ஒட்டிப் போனது. அதைத் தாண்டி, பின்வாசலில் நுழைந்தால் என் வாழ்க்கையில் பார்த்ததிலேயே சுத்தமான வீடு. தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். நான் அலமாரி மேலே விரலை ஓட்டிப் பார்த்தேன், பழக்கதோஷம். தூசு இல்லை. கத்தியக்கா அதைக் கவனித்துவிட்டுச் சிரித்தார்.

"கண்டுபிடிச்சீங்களா ஏதாச்சும்?"

மாடிப்படியில் பெட்டியோடு ஏறும்போது, கீழறைத் திரைக்குப் பின்னால் இடி மாதிரி ஒரு குரல் கேட்டது.

"யாருடா அது படியில? ஆளா, எருமையா?"

கத்தியக்காவின் அப்பா. படுத்த படுக்கையாகக் கிடந்தார். கதையில் வருகிற கரிவாயனே இவரைப் பார்த்து எழுதியதுதான் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மறுநாளே திரையை விலக்கிக்கொண்டு போனை நீட்டினாள்.

"ஐயா, ஒரே ஒரு போட்டோ."

"போட்டோவா? போய் உன் வீட்டுக் கக்கூஸை எடுத்து மாட்டு!"

நானாக இருந்தால் அவமானத்தில் செத்திருப்பேன். அக்கா முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தாள். "கரிவாயன் என்னையே திட்டிட்டாருடி! புத்தகத்துல வர்ற மாதிரியே!"

பெரியவரைத் தப்பாகப் படைத்துவிட்டார்கள், நிஜத்தில் அவர் தங்கமானவர் என்று நான் எழுத மாட்டேன். வாயைத் திறந்தால் சாக்கடைதான். மருந்து கொடுத்தால் மருந்தைத் திட்டுவார், தலையணையைத் திட்டுவார், ஜன்னலில் உட்காரும் பறவையின் பரம்பரையையே திட்டுவார். ஆனால் யாருடைய படகையும் திருடியவர் இல்லை. அது கத்தியக்கா சொல்லித்தான் தெரியும்.

அன்று மத்தியானம் கத்தியக்கா வாளியும் பிரஷ்ஷுமாக முன்கதவைக் கழுவப் போனார். தினமும் செய்வாராம். மீன்தலைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கூடையில் போட்டார். எனக்குப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை, நானும் ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டேன். தேய்த்துக்கொண்டேதான் அவர் பேசினார், யாரோ பக்கத்து வீட்டுக்காரி கதையைச் சொல்கிற மாதிரி.

எழுத்தாளரம்மா வெயில் காலத்துக்கு அந்த மாடி அறைக்கு வாடகைக்கு வருவாராம். சாப்பிட்ட மிச்சத்தையெல்லாம் ஜன்னல் வழியாகக் கடற்பறவைகளுக்கு வீசுவார். பறவைகள் தின்றுவிட்டுக் கீழே நின்ற பெரியவரின் படகு முழுக்க எச்சமிடும். பெரியவர் சொல்லிப் பார்த்தார், அதாவது திட்டிப் பார்த்தார். கேட்கவில்லை. ஒருநாள் ஏணி போட்டு ஏறி, அந்த ஜன்னலையே ஆணியடித்து மூடிவிட்டார். எழுத்தாளரம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவர்தான். அடுத்த வருஷம் முதல் புத்தகம் வந்தது.

"அவ்வளவுதானா? பறவை எச்சத்துக்கா இத்தனையும்?"

"அவ்வளவுதான். முதல்ல எங்கப்பாவுக்குப் பெருமை வேற. நம்ம கதவு புத்தகத்துல வந்திருக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சார். அப்புறம் ஒருத்தன் வந்து ஒரு தலையை மாட்டினான். அப்புறம் ஊரே மாட்டிச்சு."

கதவுக்கு ஒரு தடவை பச்சை பெயிண்ட் அடித்தார்களாம். கத்தியக்கா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஊர் வளர்ச்சிக் குழு ஆள் அனுப்பி மறுபடியும் கறுப்பு அடித்துவிட்டுப் போனது. ஊருக்கே சோறு போடுகிற கதவாம், நிறத்தை மாற்ற வீட்டுக்காரருக்கு உரிமை இல்லையாம். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதைவிட்டு வேற எங்கயாச்சும் போயிருக்கலாமே? கல்யாணம் கட்டிக்கிட்டாவது."

"ஒருத்தர் வந்தார். நல்ல மனுஷன், வலை வியாபாரம். அவர் தங்கச்சி இதே வாசல்ல நின்னு, 'அண்ணா, கரிவாயன் பொண்ணா எனக்கு அண்ணி?'ன்னு கைதட்டிச் சிரிச்சா. அவரும் சிரிச்சிட்டார். சிரிக்காம இருந்திருந்தா கட்டியிருப்பேன்." தாழ்ப்பாளைத் துடைத்துவிட்டுத் தொடர்ந்தார். "இன்னொரு கூத்து தெரியுமா? இந்தத் தலையெல்லாம் எங்க கூடத்துலேர்ந்துதான் அந்தக் கடைக்குப் போகுது. காலையில நான் வெட்டுறது மத்தியானம் என் வீட்டுக் கதவுல தொங்கும். மறுநாள் நானே எடுத்துக் கொட்டுவேன்."

"வெட்ட மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே!"

"மீனுக்குத் தலை இருக்கே, நான் என்ன பண்றது?"

கத்தியக்கா சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்தால் எனக்குத்தான் அழுகை வந்தது, அவருக்கு இல்லை. வாளியைக் கவிழ்க்கும்போது மட்டும் குரல் இறங்கியது. அப்பாவுக்கு இன்னும் சில நாள்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவர் மகளிடம் கேட்டிருந்தது ஒன்றுதான்.

"என்னைக் கக்கூஸ் சந்து வழியா தூக்கிட்டுப் போயிடாதேன்னார். முன்வாசல் வழியாத்தான் போவேன்னு சொல்லிட்டார். அது நான் கட்டின வீடு, திருடன் மாதிரி பின்பக்கமா போக மாட்டேன்னு. சரின்னு சொல்லியிருக்கேன். அன்னிக்கு ஒருநாள் கதவு சுத்தமா இருந்தாப் போதும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

அடுத்த நாள் காலையில் அக்கா கூட்டத்தோடு கூட்டமாக, பிள்ளைகள் ஒளிந்துகொள்ளும் தீவைப் பார்க்கப் படகில் போய்விட்டாள். நான் வரவில்லை என்றேன். பெரியவரின் திட்டு எனக்குப் பிடித்துப்போயிருந்தது, அந்த ஊரில் நடிக்காத ஆள் அவர் ஒருவர்தான். அதனால் வேண்டுமென்றே தடதடவென்று படியில் இறங்கினேன். 'எருமையா?' என்ற குரல் வரவில்லை. மறுபடி ஏறி இறங்கினேன். சத்தமே இல்லை. திரையை விலக்கினால், கத்தியக்கா கட்டில் ஓரத்தில் அப்பாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்ச நேரம் முன்னாடிதான். தண்ணி கேட்டார், சூடா இருக்குன்னு திட்டினார், போயிட்டார்."

அழுது முடித்ததும் அவருக்கு வந்த முதல் நினைவு கதவுதான். தெரு குறுகல், வண்டி படகுத்துறையில்தான் நிற்கும். அதுவரைக்கும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அன்று ஒருநாள் கதவில் யாரும் எதையும் மாட்டாமல் பார்த்துக்கொள்ளும்படி வளர்ச்சிக் குழுவின் தலைவரிடம் கேட்கப் போனது நான். அவர் வாயில் பல்குச்சியோடு, "பின்பக்கமா எடுத்துட்டா யாருக்கும் தொந்தரவு இல்லையே, சாயங்காலம் நாடகம் வேற இருக்கு" என்றார். தினமும் மூன்று பிள்ளைகளாக வேஷம் கட்டிய ஆட்கள் கழுதையோடு அந்தத் தெருவில் பாடிக்கொண்டு வந்து கதவில் முடிப்பார்கள், நானும் மாடியிலிருந்து பார்த்திருந்தேன். ஒருநாள் நிறுத்தக் கூடாதா என்றேன். ஊருக்கு வந்தவர்கள் ஏமாந்துபோவார்கள் என்றார். அந்தப் பல்குச்சியைப் பிடுங்கி அவர் கண்ணில் குத்தலாம் போலிருந்தது.

அங்கிருந்து நேராக மீன் வெட்டுகிற கூடத்துக்குப் போனேன். ஈரத் தரை, வழுக்கல், குடல் குவியல், அண்டா அண்டாவாகத் தலை. வேறு நாளாக இருந்தால் வாசலிலேயே வாந்தி எடுத்திருப்பேன். விஷயத்தைச் சொன்னேன். வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த குண்டம்மா ஒருத்தி வெட்டிக்கொண்டிருந்த மீனை அப்படியே தலையோடு பெட்டிக்குள் போட்டார். அடுத்தவளும் போட்டாள். அந்த வரிசை முழுக்க அப்படியே செய்தது. இரண்டு பேர் எழுந்து, ஏற்கெனவே வெட்டி வைத்த அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் கவிழ்த்தார்கள். மேஸ்திரி ஓடி வந்தான்.

"தலையோட அனுப்பினா எவன் வாங்குவான்?"

"இன்னிக்கு வாங்குவான். இல்லேன்னா நீயே உக்காந்து வெட்டு" என்று குண்டம்மா கத்தியை நீட்டினார். மேஸ்திரி முகத்தில் ஈயாடவில்லை.

மத்தியானம் மீன்தலைக் கடை காலி. கடைக்காரர் வெறும் தட்டை வெறித்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக நான் பார்த்தது அது ஒன்றுதான். நானும் கத்தியக்காவும் கதவைத் தேய்த்தோம். கீலில் இருந்த செதிலைக்கூட ஊசியால் நோண்டி எடுத்தேன். காய்ந்ததும் கிட்டப்போய் மூச்சை இழுத்துப் பார்த்தேன். மரவாசனை மட்டும்தான் வந்தது. கத்தியக்கா கதவில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

சாயங்காலம் முன்கதவைத் திறந்தார்கள். கீல் முனகியது. கூடத்துப் பெண்கள் ஆறேழு பேர் பெரியவரைத் தூக்கினார்கள், நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். முகத்தை மூட வேண்டாம், அவர் வீட்டை அவர் பார்த்துக்கொண்டே போகட்டும் என்று கத்தியக்கா சொல்லிவிட்டார். வாசல்படியைத் தாண்டினோம். தெரு அமைதியாக இருந்தது. அவர் கேட்டது அவருக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது கீழேயிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. முன்னால் கழுதை, அதன்மேல் வேஷக்காரர்கள், பின்னால் தெரு அடைத்துக் கூட்டம். ஒவ்வொருவர் கையிலும் மீன்தலை. நான் அதிர்ந்துபோய்ப் பார்த்தால், எல்லாம் ரப்பர். சரக்கு இல்லாத ஆத்திரத்தில் கடைக்காரர் பரிசுக் கடையிலிருந்து வாங்கி வந்து விற்றிருக்கிறார். ரோஜா நிற வாய், கொக்கி, கண்ணில் மின்னுகிற பச்சை விளக்கு.

கூட்டம் எங்களைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றது. வெட்கப்பட்டு ஒதுங்குவார்கள் என்று எதிர்பார்த்தேன், அவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் கத்தினாள்.

"அப்பா! கரிவாயன் செத்துட்டான்!"

தெருவே கைதட்டியது. புதுக் காட்சி என்று நினைத்துவிட்டார்கள். போன்கள் எல்லாம் மேலே எழுந்தன. ஒரு அப்பன் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிட்டே வந்தான், பிள்ளைக்கு நன்றாகத் தெரிய வேண்டுமாம். எங்களை இடித்துக்கொண்டு போய்க் கதவில் மாட்ட ஆரம்பித்தார்கள். ஒன்று பறந்து வந்து பெரியவரின் நெஞ்சில் விழுந்து மின்னியது. எத்தனையோ கெட்டுப்போன பண்டத்தைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு அருவருப்பு வந்ததில்லை. அதைத் தட்டிவிட நினைத்தேன், தோளில் பாரம் இருந்தது, கையை எடுக்க முடியவில்லை.

கத்தியக்கா அந்த ரப்பரை எடுத்து எறிந்தார். அப்புறம் வாயைத் திறந்தார். அத்தனை வருஷமும் சிரித்துக்கொண்டே கழுவிய பெண்ணிடமிருந்து அப்பாவின் குரலே கிளம்பியது.

"நாறப் பொழப்புக்காரனுங்களா! செத்த மனுஷனைக் கொத்த வந்த கழுகுங்களா! உங்க வாயில புழு புழுக்க! இது எங்கப்பன்டா! எங்கப்பன் செத்துட்டான்டா!"

காது கூசும்படி திட்டினார், கழுத்து நரம்பு புடைக்கத் திட்டினார். முடித்ததும் முன்னைவிடப் பெரிய கைதட்டல். பின்னாலிருந்து எவனோ விசில் அடித்தான். "அருமையா நடிக்கிறாங்க" என்று என் காதுபட ஒருத்தி சொன்னாள்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு கை என்னைப் பார்த்து ஆட்டியது. எங்கள் அக்கா. தீவிலிருந்து நேராக இங்கே வந்திருக்கிறாள், வெயிலில் முகம் சிவந்திருந்தது, அவள் கையிலும் ஒரு ரப்பர் தலை.

"அடியே! நீயும் நடிக்கிறியா? எங்கிட்ட சொல்லவே இல்லியே!"

சொல்லிக்கொண்டே எட்டித் தாழ்ப்பாளில் அதை மாட்டினாள். மாட்டிவிட்டுத் திரும்பியபோது பெரியவரின் முகம் அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. முந்தின நாள்தான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்துத் திட்டு வாங்கிய முகம். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். சிரிப்பு அப்படியே உதட்டில் நின்றுபோனது. மாட்டியதை அவசர அவசரமாக அவிழ்த்தாள், கொக்கி சிக்கிக்கொண்டு வரவில்லை, பிய்த்து எடுத்தாள். நாங்கள் கீழே இறங்கினோம். கூட்டம் பாதி தூரம் வரை பாடிக்கொண்டே வந்தது.

இடுகாட்டில் கூடத்துப் பெண்களும் நானும்தான். அக்கா கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே வர அவளுக்கு முகமில்லை, திரும்பிப் போகவும் கால் வரவில்லை. ரப்பர் தலையைக் கீழே போடவும் முடியாமல் பைக்குள் வைக்கவும் முடியாமல் கைக்குள் பொத்தி வைத்திருந்தாள். விரலிடுக்கில் பச்சை விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது, அதை எப்படி அணைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கூடப்பிறந்தவள், அவள் பக்கத்தில் போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை.

எல்லாம் முடிந்து கத்தியக்கா வெளியே வந்தார். கையில் மண். அக்காவுக்கு எதிரில் நின்று கையை நீட்டினார்.

"குடுங்க."

"மன்னிச்சிடுங்கம்மா. எனக்குத் தெரியாது. நான் நிஜமாவே..."

"குடுங்க, நான் போட்டுடறேன்."

"வேணாம்மா, நானே போடறேன். கதவுல இருக்கறதையும் நானே வந்து எடுத்துடறேன். எல்லாத்தையும் எடுத்துடறேன்."

கத்தியக்கா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை வாங்கிக்கொண்டார். திட்டிய குரல் போய், பழைய குரல் வந்துவிட்டிருந்தது.

"நீங்க நாளைக்கு ஊருக்குப் போயிடுவீங்க. எடுக்கறது எனக்குப் பழக்கம்தான்."